இடக்கையால் ஓர் எறிதல்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலைகளில் ஆறு பேர் கூடி எதையேனும் வாசிப்பது எங்கள் வழக்கம். சென்ற மழைக்காலத்தில் 'மெக்பத்' எடுத்துக்கொண்டோம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகக் குறுகியது அது. அதில் யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. கொலையும் முடிசூட்டலும் வீழ்ச்சியும் ஒன்றன் குதிகாலை மற்றொன்று மிதித்துக்கொண்டு வருகின்றன. அந்த அவசரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது எங்களுள் ஒருவர், ஆங்கில இலக்கியம் பயின்று, அதைக் கற்பித்தும் வந்த ஒருவர், பின்னாளில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக ஆடிய கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்தார் என்று சொன்னார். நாடகம் அன்று மூடி வைக்கப்பட்டது. அடுத்த இரண்டு கூட்டங்களும் 1989–90 ஆம் ஆண்டின் லயோலா மேரிமவுன்ட் அணியிலேயே கழிந்தன.

லயோலா என்றதும் நம்மவர்க்கு நுங்கம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். பெயர்க் காரணம் ஒன்றே. இரண்டும் இயேசு சபையார் நிறுவியவை. ஆனால் இந்த லயோலா லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேற்கில், கடலுக்கு அருகே ஒரு மேட்டின்மேல் இருப்பது. 1973-இல் மேரிமவுன்ட் கல்லூரியுடன் இணைந்தமையால் இரட்டைப் பெயர் பெற்றது. அவர்களுடைய ஆட்ட அரங்கில் சுமார் நான்காயிரம் பேர் அமரலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் அளவுகோலில் அது ஒரு சிற்றூர்த் திருமண மண்டபம் போன்றது.

எங்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் கூடைப்பந்தைத் தொட்டவர்கள் அல்லர் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. விதிகளையே அந்த ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 'கேட்கவே வெட்கமாக இருக்கிறது, அந்த வளையம் எவ்வளவு உயரம்?' என்று எங்கள் தமிழாசிரிய நண்பர் கேட்டார். பத்தடி.

அந்தப் பயிற்சியாளரின் பெயர் பால் வெஸ்ட்ஹெட். பிலடெல்ஃபியாக்காரர். 1979-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் மிதிவண்டியிலிருந்து விழுந்து படுகாயமுற்றதால் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அந்தப் பருவத்தின் இறுதியிலேயே, 1980-இல், தொழில்முறைப் பட்டத்தை வென்றார். 1981 நவம்பரில் வேலை போயிற்று. சிக்காகோவில் ஓராண்டு, அதுவும் நிலைக்கவில்லை. 1985-இல் இந்தச் சிறிய கல்லூரிக்கு வந்தார். இழப்பதற்கு ஏதும் இல்லாதவர் என்றே சொல்லலாம். ஆகவே தம் மனத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு கிறுக்கை முழுமையாகச் செய்து பார்த்தார்.

அது இதுதான். பந்து கைக்கு வந்த ஏழு நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். அன்றைய கல்லூரி விதிப்படி ஓர் அணி 45 நொடிகள் வரை பந்தை வைத்துக்கொள்ளலாம். மற்ற அணிகள் அந்த நேரத்தில் பந்தை மெல்லக் கைமாற்றி, இடம் தேடி, வாய்ப்புப் பார்க்கும். வெஸ்ட்ஹெட்டின் ஆட்டக்காரர்களோ எதிரணி கூடை போட்ட மறுகணமே பந்தை உள்ளே எறிந்துவிட்டு, ஆளுக்கொரு குறித்த தடத்தில் பாய்ந்தார்கள். தற்காப்பிலும் அதே கதைதான். களம் முழுவதும் எதிரியைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். எதிரணி எளிதாகக் கூடை போட்டுவிட்டால்கூடக் கவலையில்லை, ஏனெனில் அவனும் நம்முடைய வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டான். இன்னும் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குவான். இதற்காகத் தம் பையன்களைக் கடற்கரை மணல்மேடுகளில் ஏறி ஓடவிட்டார்.

அந்தப் பருவத்தில் அவர்கள் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 122.4 புள்ளிகள் எடுத்தார்கள். ஆட்டம் 40 நிமிடந்தான். நிமிடத்துக்கு மூன்று புள்ளிகளுக்கு மேல். அந்தச் சாதனையை இன்றுவரை எந்தக் கல்லூரி அணியும் முறியடிக்கவில்லை. எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்ததும் நூறுக்கு மேல் என்பதை நடுநிலையாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆவணப் படங்களையும் பழைய ஒளிப்பதிவுகளையும் பார்த்தபோது எங்களுக்கு முதலில் வந்தது சிரிப்பு. இப்படியும் ஆடுவார்களா என்ற சிரிப்பு. படத்தைத் தவறுதலாக வேகமாக ஓட்டிவிட்டோமோ என்று ஒருவர் இயக்கியைச் சோதித்தார்.

இந்த அணியின் நடுநாயகங்கள் இருவர். ஹேங்க் கேதர்ஸ், போ கிம்பிள். இருவரும் வடக்கு பிலடெல்ஃபியாவின் ஏழ்மையான குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். டாபின்ஸ் என்னும் ஒரே பள்ளி அணியில் ஆடி 1985-இல் நகரப் பள்ளிகளுக்கான பட்டத்தை வென்றவர்கள். சேர்ந்தே கலிஃபோர்னியாவுக்குப் போனவர்கள். முதலில் சேர்ந்த பெரிய பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் பயிற்சியாளர் மாறியதும் அங்கிருந்து விலகி, சேர்ந்தே இங்கு வந்தார்கள். கிம்பிள் தொலைவிலிருந்து எறிவதில் வல்லவர். கேதர்ஸ் ஆறடி ஏழங்குல உயரம். கூடைக்கு அடியில் தோளால் இடித்து இடம்பிடித்து, தவறிய பந்துகளை மீட்டு மறுபடி உள்ளே போடுபவர். 1988–89 பருவத்தில் நாடு முழுவதிலும் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர், அதிக மீள்பந்து பிடித்தவரும் அவர். ஒரே பருவத்தில் இரண்டிலும் முதலிடம் பெற்றவர் அவருக்கு முன் ஒருவர் மட்டுமே.

இத்தனை வலிமையுள்ளவருக்கு ஒன்று மட்டும் வரவில்லை. எதிரணி தவறிழைத்தால் கொடுக்கப்படும் ஃப்ரீ த்ரோ. பலகையிலிருந்து பதினைந்தடி தூரத்தில் ஒரு கோடு. அங்கே நின்று, யாரும் மறிக்காமல், நிதானமாக எறியலாம். பள்ளிச் சிறுவனும் போடக்கூடியதை அவர் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், வலக்கைப் பழக்கமுடைய அவர், ஃப்ரீ த்ரோவை மட்டும் இடக்கையால் எறியத் தொடங்கினார். அப்படியும் பெரிதாகத் தேறியதாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் விடவில்லை.

1989 டிசம்பர் 9 அன்று, சொந்த அரங்கில், அதே ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றிருந்தபோது கேதர்ஸ் மயங்கி விழுந்தார். சோதனைகளில் இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் களத்துக்குத் திரும்பினார்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தின் மருத்துவ நண்பர் பேசத் தொடங்கினார். அதுவரை அவர் வாய் திறக்கவில்லை. புரோப்ரனலால் என்னும் அந்த மருந்து பீட்டா பிளாக்கர் வகை. ஓடும்போதும் அஞ்சும்போதும் அட்ரினலின் இதயத்துக்கு 'இன்னும் வேகமாக' என்று ஆணையிடுகிறது. அந்த ஆணை போய்ச் சேராமல் இம்மருந்து வாயிலை அடைத்துவிடுகிறது. தாறுமாறான துடிப்பு அடங்கும். கூடவே உழைப்புக்கு வேண்டிய துடிப்பும் அடங்கும். கால் கனக்கும், சோர்வு வரும். வீட்டில் இருப்பவருக்கு அது சிறு தொல்லை. ஏழு நொடிக்கு ஒருமுறை களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய வேண்டியவருக்கு, அதுவும் ஜூன் மாதத்தில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது முன்வரிசையில் நிற்க வேண்டியவருக்கு, அது என்னவாக இருந்திருக்கும்? மந்தமாக உணர்வதாகக் கேதர்ஸ் முறையிட்டார். மருந்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

பிப்ரவரி 3 அன்று லூசியானாவில் ஓர் ஆட்டம். எதிரணியில் ஷக்கீல் ஓ'நீல் என்ற பதினேழு வயது மலை. தொடக்கத்தில் கேதர்ஸ் எறிந்தவற்றை ஓ'நீல் தட்டித் தட்டி விட்டார். கேதர்ஸ் மறுபடி மறுபடி அதே மலையை நோக்கியே போனார். முடிவில் 48 புள்ளிகள். கூடுதல் நேரம் வரை போய் 148–141 என்று தோற்றார்கள். பழைய கேதர்ஸ் திரும்பிவிட்டார் என்று பார்த்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். நாங்களும் மகிழ்ந்தோம், அடுத்த மாதம் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும். மருத்துவ நண்பர் மட்டும் 'மருந்து குறைந்திருக்கிறது, பாருங்கள்' என்றார்.

மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. தங்கள் தொகுப்பு அணிகளுக்குள்ளான போட்டியின் அரையிறுதி, போர்ட்லண்ட் அணியுடன். முதல் பாதியிலேயே, டெரல் லாவ்ரி உயரத் தூக்கி எறிந்த பந்தைக் காற்றிலேயே பற்றிக் கேதர்ஸ் வளையத்துக்குள் அறைந்தார். 25–13. திரும்பித் தம் பக்கம் வந்தவர் களத்தின் நடுப்பகுதியில் சரிந்தார். எழ முயன்றார். குடும்பத்தினர் அரங்கில் இருந்தார்கள். மருத்துவமனையில் அன்று மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 23. காரணம் இதயத் தசை நோய்.

போட்டி அத்துடன் கைவிடப்பட்டது. தொகுப்பில் முதலிடம் பெற்றிருந்த லயோலா மேரிமவுன்டுக்கு 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. ஆடுவதா வேண்டாமா என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்தார்கள். ஆடினார்கள். பிலடெல்ஃபியாவில் நண்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த கிம்பிள், ஒவ்வோர் ஆட்டத்திலும் தமக்குக் கிடைக்கும் முதல் ஃப்ரீ த்ரோவை இடக்கையால் எறியப்போவதாகச் சொன்னார்.

மார்ச் 16, லாங் பீச்சில் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியுடன் முதல் ஆட்டம். கிம்பிள் கோட்டில் நிற்கிறார். பந்தை இடக்கைக்கு மாற்றுகிறார். வலக்கை சும்மா தொங்குகிறது. பழக்கமில்லாத கையின் கூச்சம் தெரிகிறது. பந்து உள்ளே விழுகிறது. அணியினர் 111–92 என்று வென்றார்கள், கிம்பிளுக்கு 45 புள்ளிகள் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பார்க்கும்போது அந்த ஓர் எறிதலுக்குப் பின் நாங்கள் எதையும் கவனிக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா இருப்போமா? ஒருவர் சொன்னார்: வெஸ்ட்ஹெட்டின் ஆட்டத்தில் எல்லாமே ஓட்டம், அதில் எல்லோரும் அசையாமல் நிற்கும் ஒரே இடம் ஃப்ரீ த்ரோ கோடு, துக்கத்துக்கு அந்த இடத்தைத்தான் கிம்பிள் தேர்ந்திருக்கிறார். தமிழாசிரியர் புறத்திணைக்குப் போய்விட்டார். இறந்துபட்ட தலைவனை எண்ணி இருப்பவர் கலங்கும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். கையற்றுப் போதல், செய்வதறியாது நிற்றல். இங்கே கையற்றவன் இறந்தவனின் கையையே வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்றார். நாங்கள் ஒரு கணம் பேச்சற்று இருந்தோம். இந்தக் கட்டுரைக்கு அன்றே தலைப்பும் கிடைத்துவிட்டது. மிடுக்கான உடலே பகையானது, வேகத்தால் உயர்ந்தவன் வேகத்தால் வீழ்ந்தான் என்று மெக்பத்துக்கு ஒரு பாலம் போட்டு நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் இங்கே திருப்பி எழுத இப்போது கூசுகிறது.

மருத்துவ நண்பர் எழுந்துவிட்டார். 'இருபத்து மூன்று வயதுப் பையன். துறையும் திணையும் அவனுக்கு எதற்கு? பந்தை இடக்கையால் எறிந்ததை இத்தனை முறை ஓட்டிப் பார்க்கிறீர்கள், மாத்திரை குறைந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்' என்றார். ஊழ் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா என்றும் கேட்டார். கேதர்ஸின் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள் என்பதும், அது 1992-இல் சமரசத்தில் முடிந்தது என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அன்றைய பேச்சில் அதை யாரும் எடுக்கவில்லை. கதைக்கு அது அழகு சேர்க்காது.

அன்று கூட்டம் கலையும் நேரத்தில்தான், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, தமிழாசிரியர் சொன்னார். அதே மருந்தைத் தாமும் இரண்டாண்டுகளாக உட்கொள்வதாகவும், கடந்த நான்கு மாதங்களாக அதைப் பிளேடால் பாதியாக வெட்டிப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. முழு மாத்திரை போட்டால் மூன்றாவது வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்த முடிவதில்லை, செய்யுளை இசையோடு சொல்லும்போது குரல் மேலே ஏற மறுக்கிறது, பையன்கள் சிரிக்கிறார்கள். பாதி போட்டால் பழைய குரல் வருகிறது. 'உயிரோடு இருந்து என்ன, புறநானூற்றை முனகினால்?' என்று சிரித்தபடிதான் சொன்னார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அண்மைக் கூட்டங்களில் அது மீண்டும் கணீரென்று இருந்ததையும் கவனித்திருந்தோம். வெளிப்படையாகப் பாராட்டியும் இருந்தோம். லூசியானா ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்த அதே வாயால்.

மருத்துவ நண்பர் அவரைத் திட்டவில்லை. 'நாளை விடுப்பு போடுங்கள், நான் வருகிறேன்' என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆறு பேரும் வந்தோம். இதய நிபுணரைப் பார்த்து, எக்கோ எடுத்து, மருந்தை மாற்றி எழுதி வாங்கியாகிவிட்டது. புதிய மருந்திலும் சோர்வு இருக்கிறதாம், ஆனால் சற்றுக் குறைவு. தலைமையாசிரியரிடம் பேசி வகுப்புக்கு ஒரு நாற்காலி கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகள் நின்று நடத்தியவர் உட்கார்ந்து நடத்துவதைப் பற்றி இரண்டொரு கேலிகள் சொன்னார். அவை நன்றாக இல்லை.

மீதி ஆட்டங்களையும் பார்த்துவிடலாம் என்று அவரே கேட்டார். முந்தைய ஆண்டின் சாம்பியனான மிச்சிகன் அணியை 149–115 என்று வென்ற ஆட்டத்தை முதலில் போட்டோம். தேசியப் போட்டியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த அதிகப் புள்ளி இன்றும் அந்த 149 தான். ஜெஃப் ஃப்ரையர் தொலைவிலிருந்து பதினொரு மூன்று புள்ளி எறிதல்களை உள்ளே போட்டார். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படி ஆடக்கூடுமா என்று வியப்பதா, துக்கத்தில் இருப்பதால்தான் இப்படி என்று நினைப்பதா, தெரியவில்லை. அன்று யாரும் அதற்குப் பெயர் வைக்க முன்வரவுமில்லை.

எங்களுக்குப் பிடித்தது அதற்கடுத்த ஆட்டம். ஓக்லண்டில், அலபாமா அணியுடன். அலபாமா புத்திசாலித்தனமாக ஆட்டத்தை மெதுவாக்கிவிட்டது. பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். எளிய வாய்ப்புகள் வந்தும் ஓட மறுத்தார்கள். ஓடத் தெரிந்த லயோலா மேரிமவுன்ட் நிற்க வேண்டியதாயிற்று. நூற்றிருபது புள்ளி எடுத்துப் பழகியவர்கள், ஒவ்வொரு கூடைக்கும் பொறுத்திருந்து, முண்டியடித்து, 62–60 என்று வென்றார்கள். ஆவணப் படங்கள் இந்த ஆட்டத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன. எங்கள் கணக்கில் இந்த அணி ஆடியவற்றுள் இதுவே மிகக் கடினமான வெற்றி. தமிழாசிரியர் இதை முழுமையாக, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கடைசி ஆட்டம் மார்ச் 25. நெவாடா–லாஸ் வேகஸ் அணி. ஓட்டத்தில் இவர்களுக்கு ஈடு, பலத்தில் இவர்களைவிட மேல். அந்த ஆண்டின் பட்டத்தை வென்றதும் அவர்களே. 131–101. முப்பது புள்ளி வித்தியாசம். அதற்குப் பிறகு வெஸ்ட்ஹெட் டென்வரின் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்; அந்தக் கிறுக்கு அங்கே எடுபடவில்லை. 2007-இல் ஃபீனிக்ஸின் பெண்கள் அணியுடன் பட்டம் வென்றபோது அது மீண்டும் உயிர்பெற்றதாகச் சொல்லலாம். கிம்பிளின் தொழில்முறை வாழ்க்கை சில ஆண்டுகளில் முடிந்தது. 2020-இல் அந்தச் சிறிய அரங்குக்கு வெளியே கேதர்ஸுக்குச் சிலை வைத்தார்கள்.

அந்தக் கடைசி ஆட்டத்திலும் கிம்பிளுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. மற்ற மூன்று ஆட்டங்களைப் போலவே இதிலும் முதலாவதை இடக்கையால் எறிந்தார். அந்தக் காட்சி வரும் முன் ஒருவர் படத்தை நிறுத்தி, தமிழாசிரியரைப் பார்த்தார். 'ஓட்டுங்கள்' என்றார் அவர். பந்து வளையத்துக்குள் விழுந்தது, நான்குக்கு நான்கு. அடுத்ததைக் கிம்பிள் தம் வலக்கையால் எறிந்தார். ஆட்டம் மறுபடி ஓடத் தொடங்கியது. மருத்துவ நண்பர் கடிகாரத்தைப் பார்த்து, மணி எட்டாகிறது, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டார். தமிழாசிரியர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனோம்.